வழிப்போக்கு முட்டை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் 'ஆஸ்பத்திரியில்' என்று மட்டும் சொல்ல வேண்டும். இது கல்யாணமான முதல் மாதத்திலேயே என் மனைவி போட்ட சட்டம். மேலும் கேட்டால் 'லேபில்'. அதற்கும் மேல் தோண்டுகிறவர்களிடம் 'மைக்ராஸ்கோப்பில்' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்துவிட வேண்டும். மைக்ராஸ்கோப்பின் அடியில் என்ன இருக்கும் என்று நான் ஒருமுறை விளக்கமாகச் சொல்லப்போய், அவளுடைய சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார். அவர் இன்றைக்கும் என்னோடு ஒரே மேஜையில் உட்காருவதில்லை.

நான் இருபத்தாறு வருஷமாக மலப் பரிசோதனை செய்கிறவன். எங்கள் லேபில் மூன்று பெஞ்சுகள். வாசலை ஒட்டி, மின்விசிறிக்கு நேர் கீழே ரத்த பெஞ்சு. நடுவில் சிறுநீர் பெஞ்சு. கடைசியில், சாமான் அறைக் கதவுக்கும் ஜன்னலுக்கும் இடையில் என்னுடையது. ஜன்னல் என் வசதிக்காக வைத்ததல்ல, மற்ற இரண்டு பெஞ்சுகளின் வசதிக்காக.

இதற்கென்று படித்து வந்தவனும் அல்ல. டப்பாக்களின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலைக்குத்தான் சேர்ந்தேன். அந்தப் பெஞ்சுக்கு ஆள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால், சீட்டு ஒட்டியவனையே பார்க்கவும் சொன்னார்கள். சுவரில் புழு முட்டைகளின் படம் ஒன்று தொங்கியது. அதைப் பார்ப்பேன், லென்ஸில் பார்ப்பேன், மறுபடி அதைப் பார்ப்பேன். முதல் வருஷம் காற்றுக் குமிழிகளை முட்டை என்று எழுதினேன். இரண்டாம் வருஷம் மகரந்தத் தூளை எழுதினேன். ஒருமுறை பஞ்சு நூல் ஒன்றைப் புழுக்குஞ்சு என்று எழுதி, 'இது அசையவே இல்லையே' என்று டாக்டரம்மா கேட்டதற்கு 'தூங்குகிறது' என்று பதில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கி ஒழுங்காகக் கற்க ஆரம்பித்தேன்.

கற்ற பிறகு நான் கொஞ்சம் கறாரான ஆள். கண்ணாடித் துண்டின் ஒரு பக்கம் உப்புநீர் ஒரு சொட்டு, மறுபக்கம் அயோடின் ஒரு சொட்டு. மேல் இடது மூலையில் ஆரம்பித்து, வயலை உழுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்பி, கீழ் வலது மூலையில்தான் கண்ணை எடுப்பேன். நடுவில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. 'அண்ணனுக்கு அந்த நேரத்துல தீப்பிடிச்சாலும் தெரியாது' என்பாள் ரத்த பெஞ்சுக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், பத்து மடங்கு வாய்.

இதோடு நிற்காமல், டப்பா கொடுக்க வருகிறவர்களுக்காக ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளையும் நானே தயாரித்தேன். காய்ச்சல் உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா, தண்ணீர் எங்கிருந்து, இப்படி. அதில் ஏழாவது கேள்விதான் என் செல்லப்பிள்ளை: 'கடந்த மூன்று நாட்களில் ஈரல் சாப்பிட்டீர்களா?'

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆடு மாடுகளின் ஈரலில் தட்டைப்புழு என்று ஒன்று குடியிருக்கும். அந்த ஈரலை ஒருவர் சமைத்துச் சாப்பிட்டால், சூட்டில் புழு செத்துப்போகும். ஆனால் அதன் முட்டைகள் ஓடு கெட்டியானவை. செத்த பிறகும் உருவம் கலையாமல், வாய்வழியே போய், குடல்வழியே நடந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ வெளியே வந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவன் 'ஆகா, இவருக்கு ஈரல் புழு' என்று எழுதுவான். உண்மையில் இவருக்கு ஒன்றுமே இல்லை. நோய் ஆட்டுக்கு, அதுவும் போன வாரம். புத்தகத்தில் இதற்குப் போலித் தொற்று என்று பெயர். முட்டை போலி அல்ல, அது அசல். அது இந்த உடம்பில் குடியிருக்கிறது என்ற முடிவுதான் போலி. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரை அந்த ஊர்க்காரர் என்று எழுதிக்கொள்கிற மாதிரி. என் நோட்டில் 'வழிப்போக்கு முட்டை' என்று ஒரு தமிழ்ப் பெயரும் வைத்து, சிவப்பு மையில் இரண்டு கோடு அடித்து வைத்திருந்தேன். சந்தேகம் வந்தால் மூன்று நாள் ஈரலை நிறுத்தச் சொல்லி, மறுபடி பார்க்க வேண்டும். வழிப்போக்கன் என்றால் போயிருப்பான், குடித்தனக்காரன் என்றால் இருப்பான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவைப்பது, பிறகு நடந்ததற்குத் தெரியாமை என்ற சாக்கு எனக்கு இல்லை என்பதற்காகத்தான்.

என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டு ஹாலில் பதினான்கு மாதமாகத் தங்கியிருந்தான். சமையல்காரன். நல்ல கை, ஆனால் வாய் அதைவிட நீளம். முதலாளியின் உப்பு அளவைக் குறை சொல்லியே மூன்று இடத்தில் வேலையை விட்டவன். கடைசியில் பெரிய விடுதி ஒன்றில் தலைமைச் சமையல்காரர் இடம் கிடைத்தது. தங்க அறையும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து உடல்தகுதிச் சான்றிதழ் வர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"இந்த வேலை மட்டும் தவறிடுச்சுன்னா அவன் மறுபடி எழுந்திரிக்க மாட்டான்" என்றாள் மனைவி. "ஏற்கெனவே பத்து மணிக்குத்தான் எழுந்திரிக்கிறான்" என்றேன் நான். அவள் சிரிக்கவில்லை.

வேலை கிடைத்த சந்தோஷத்தைக் கொண்டாட, ஞாயிற்றுக்கிழமை நானே கறிக்கடைக்குப் போனேன். ஈரல் வேண்டும் என்றேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துப் பலகையில் போட்டுத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்தப் பக்கம் குழாய் கொஞ்சம் தடிச்ச மாதிரி இருக்கு. வெட்டி எறிஞ்சிடட்டுமா?"

"எறியறதா? நல்லா மேய்ஞ்ச ஆடுங்க, அதான் குழாய் இவ்வளவு திடமா இருக்கு. அதுலதான் ருசியே."

"இல்ல சார், பொதுவா நாங்க..."

"நான் என்ன வேலை பார்க்கிறேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரியில" என்றார் அவர். மனைவியின் சட்டம் அதுவரை எட்டியிருந்தது. மேற்கொண்டு வாதாடாமல் குழாயோடு சேர்த்தே துண்டு போட்டுக் கொடுத்தார். முட்டையை எனக்கு இருபத்தாறு வருஷமாகப் படத்தில் தெரியும். அந்த முட்டை பிறக்கிற வீடான ஈரலின் பித்தக்குழாய் புழுவால் தடித்துப்போகும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் இருவரில் யார் நிபுணர் என்பதில் அன்று எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

மைத்துனன் வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினான். பிரமாதம். மனைவிக்கு ஈரல் வாசனையே ஆகாது. அதனால் மொத்தத்தையும் நாங்கள் இரண்டு பேரும் தீர்த்தோம். குழாய்த் துண்டுகளை அவன் ஒதுக்கினான். அவற்றையும் நானே சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் டப்பாவோடு என் பெஞ்சுக்கு வந்தான்.

"அத்தான், இந்தத் தாள்ல என்னமோ ஒன்பது கேள்வி இருக்கே."

"அதெல்லாம் வெளியாளுக்கு. நீ என் வீட்டுலதானே சாப்பிடறே, உன்னை என்ன கேக்கறது? போயிட்டு வா" என்று தாளை வாங்கி, ஒன்பதுக்கும் நானே 'இல்லை' என்று வரிசையாகக் குறித்தேன். தண்ணீர் எங்கிருந்து என்ற கேள்விக்கும் 'இல்லை' என்றே எழுதியிருந்தேன் என்பதைப் பிறகு ரத்த பெஞ்சுக்காரி கண்டுபிடித்தாள்.

கண்ணாடித் துண்டை வைத்து உழ ஆரம்பித்தேன். மூன்றாவது சால் திரும்பும்போது அது வந்தது. பெரிய, நீள்வட்ட, தேன் நிற முட்டை. ஒரு முனையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மூடி. சுவரில் தொங்குகிற படத்தில் இரண்டாம் வரிசையில் மூன்றாவதாக இருப்பது. இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட என் லென்ஸுக்குள் வராதது. அளந்தேன். ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு நீளம், அளவு அப்படியே. கனமான முட்டை, தண்ணீரில் மிதக்காது, அடியில் படியும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். கலக்கிப் படியவிட்டு, வடித்து, மறுபடி கலக்கிப் படியவிட்டுப் பார்த்தேன். இன்னும் ஆறு.

என் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தால், மைத்துனனுக்குப் பிள்ளை பிறந்தது என்று நினைத்திருப்பார்கள். ரத்த பெஞ்சைக் கூப்பிட்டேன், சிறுநீர் பெஞ்சைக் கூப்பிட்டேன், மாடியில் எக்ஸ்ரே எடுக்கிறவரைக் கூப்பிட்டேன். கண்ணாடித் துண்டின் ஓரத்தை நகப்பூச்சு போட்டு மூடி, 'முதல் கண்டுபிடிப்பு' என்று சீட்டு ஒட்டினேன். மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் நான் நிற்க, ரத்த பெஞ்சுக்காரி தன் போனில் படம் எடுத்து ஆஸ்பத்திரி குழுவில் போட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கி நிற்கிறேன் அதில். இன்றும் அழிக்க மறுக்கிறாள்.

ரிப்போர்ட்டில் சிவப்பு மையில் எழுதினேன்: ஈரல் தட்டைப்புழு முட்டை காணப்பட்டது. தொற்று உறுதி.

'உறுதி' என்ற வார்த்தையை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். சான்றிதழ் படிவத்தை மூடி ஓரமாக வைத்தார். "இது ஆளுக்கு ஆள் பரவாதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். படிவத்துக்குத் தெரியாதே. ஒட்டுண்ணி இருக்குன்னா சமையல் வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது. மருந்துக்கு எழுதி வரவழைக்கணும். ரெண்டு மூணு வாரம் ஆகும்."

அப்போதுதான் எனக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அவ்வளவு நேரம் அந்த டப்பா யாருடையது என்பதே மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். மைத்துனன் நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வாய் நீளமான ஆள் பேசாமல் இருந்தால் பார்க்கச் சகிக்காது.

மனைவி கேட்டாள்: "உங்களுக்குச் சொந்தத் தம்பி மாதிரி இருக்கறவன் வயித்துல புழுன்னு நீங்களே எழுதிட்டு வந்திருக்கீங்க?"

"இருக்கறதைத்தானே எழுத முடியும்? தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"போட்டோல தொழில் தர்மம் மாதிரித் தெரியலையே, பரிசு வாங்கின மாதிரி இருக்கீங்க." படம் அவளுக்கும் வந்துவிட்டிருந்தது. "என்ன புழு அது?"

"ஈரல் புழு."

"யாரோட ஈரல்ல?"

"அவனோட ஈரல்லதான். வேற யாரோட..." என்றவன் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரு சட்டி ஈரல் தின்னீங்களே, அதுல இருந்து வந்திருக்குமா?"

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். "அடியே, ஈரல் தின்னா ஈரல் புழு வராது. தண்ணிச் செடியில ஒட்டிக்கிட்டு வர்ற குஞ்சுல இருந்துதான் வரும். இதெல்லாம் உனக்குப் புரியாது, விடு."

நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. ஈரல் தின்றால் புழு வராது. முட்டை மட்டும்தான் வரும்.

மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, வாயில் நுரையோடு, அந்த இரண்டு சிவப்புக் கோடு நினைவுக்கு வந்தது. 'வழிப்போக்கு முட்டை'. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். தாடை தானாகவே கீழே இறங்கியிருந்தது. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு, பையில் எப்போதும் வைத்திருக்கும் டப்பாக்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு கழிவறைக்குள் போனேன்.

"டப்பாவை எங்க எடுத்துட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஆராய்ச்சி" என்றேன்.

லேப் திறக்கும்போது நான்தான் முதல் ஆள். என் டப்பாவை நானே கலக்கி, நானே படியவிட்டு, நானே பார்த்தேன். முதல் சாலிலேயே இரண்டு. முழுத் துண்டையும் உழுது முடித்தபோது பதினாறு. மைத்துனனைவிட ஒன்பது அதிகம். குழாய்த் துண்டுகளை ஒதுக்காமல் தின்ற பலன்.

அந்த அறையில் அப்போது யாரும் இல்லை. உண்மையை எழுதுகிறேன்: டப்பா மாறிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சீட்டு ஒட்டுகிறவர்கள் மேல் பழியைப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்த வேலையிலிருந்துதான் நான் வந்தேன். டப்பா மாறினால் யாருக்கு அடி விழும் என்று எனக்குத் தெரியும். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன்.

அவர் முழுவதையும் கேட்டார். கறிக்கடையில் நான் பேசியதைச் சொன்னபோது மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

"நீங்க சொல்றது சரியா இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா நினைப்பை வச்சுக் கையெழுத்துப் போட முடியாது. நாளைக்கு, நாளன்னைக்கு, சனிக்கிழமை காலை. மூணு நாள், மூணு டப்பா. ஈரல் பக்கமே போகக் கூடாது. கடைசி ரெண்டு நாளும் சுத்தமா இருந்தா அது வழிப்போக்குன்னு எழுதலாம். உங்க டப்பாவும் கூடவே வரணும், ஒரே சட்டி ஈரல்தானே? ரெண்டும் சேர்ந்து மறைஞ்சாத்தான் நான் நம்புவேன்."

"சரிங்க டாக்டர். நானே பார்த்து..."

"நீங்க அந்தப் பெஞ்சுப் பக்கம் போகாதீங்க. ரத்த பெஞ்சு அம்மா பார்க்கட்டும். நீங்க வெளியில உக்காருங்க."

வியாழக்கிழமை காலை நானும் மைத்துனனும் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், மடியில் ஆளுக்கொரு டப்பாவோடு உட்கார்ந்திருந்தோம். ரத்த பெஞ்சுக்காரி என் ஒன்பது கேள்வித் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள்.

"பேரு? சரி, தெரியும். காய்ச்சல் உண்டா?"

"உள்ள வச்சுக் கேளேம்மா."

"ஒவ்வொருத்தரையும் நேர்ல, சத்தமா, புரியற மாதிரி கேக்கணும்னு தாளுக்கு அடியில எழுதியிருக்கு அண்ணே. யாரு எழுதினதுன்னு தெரியல. தண்ணி எங்கேருந்து?"

"குழாய்த் தண்ணி."

"ஓகோ, இல்லைன்னு ஒரு ஊரு இருக்கோன்னு நினைச்சேன்." ஏழாவது கேள்விக்கு வந்ததும் தொண்டையைச் செருமினாள். "கடந்த மூணு நாள்ல ஈரல் சாப்பிட்டீங்களா?"

"ஞாயிறு. நாலு நாள் ஆச்சு."

"குழாயோடவா, குழாய் இல்லாமலா?"

மைத்துனன் இரண்டு நாளில் முதல் முறையாக வாயைத் திறந்தான். "குழாயை மட்டும் தனியா எடுத்துச் சாப்பிட்டாருங்க அக்கா." வரிசையில் இருந்த ஒரு கிழவர், எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

அன்று மைத்துனனுடையதில் ஒன்றும் இல்லை. என்னுடையதில் ஒரே ஒரு முட்டை. வழிப்போக்கர்களில் சோம்பேறி ஒருவன் பின்தங்கிவிட்டான் போல. வெள்ளிக்கிழமை இருவருடையதும் சுத்தம். அன்று முழுவதும் என் மனைவி எங்கள் இருவர் தட்டிலும் என்ன விழுகிறது என்று நின்று பார்த்தாள். நான் தண்ணீர் குடித்தபோதும் டம்ளரை எட்டிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை மைத்துனன் எட்டு மணிக்கே டப்பா கொடுத்துவிட்டான். எனக்கு வரவில்லை. இருபத்தாறு வருஷமாக எத்தனை பேரிடம் 'கொஞ்சம் முயற்சி பண்ணுங்க' என்று அலட்சியமாகச் சொல்லியிருப்பேன்! ஒன்பதாயிற்று, ஒன்பதரையாயிற்று. ஆஸ்பத்திரிக் கழிவறைக்கு வெளியே மைத்துனன் கதவைத் தட்டினான்.

"அத்தான், பன்னெண்டு மணிக்குக் கேட்டை மூடிடுவாங்க."

"தெரியும்டா."

"என் எதிர்காலமே இப்ப உங்க..."

"வாக்கியத்தை முடிக்காதே. அந்தப் பக்கம் போ."

பத்தேகாலுக்கு வெளியே வந்தேன். ரத்த பெஞ்சுக்காரி என்னைப் போலவே மேல் இடது மூலையில் ஆரம்பித்து உழுதாள். நான் வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்புவதை வைத்தே எத்தனையாவது சால் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு இடத்தில் கை நின்றது.

"அண்ணே, இது காற்றுக் குமிழிதானே?"

"ஓரம் கறுப்பா, நடுவுல வெறுமையா இருக்கா?"

"ஆமா."

"குமிழிதான். முதல் வருஷம் நான் நூறு எழுதியிருக்கேன்."

பதினொன்று ஐந்துக்கு இரண்டு துண்டும் சுத்தம் என்றாள்.

டாக்டரம்மா சான்றிதழைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார். "கீழே திருத்தத்தை நீங்களே எழுதுங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் கையெழுத்துப் போடணும்."

எழுதினேன்: 'முன்பு கண்ட முட்டைகள் மெய். தொற்று போலி. மீண்டும் மூன்று நாள் பார்த்ததில் எதுவும் இல்லை.' நல்ல கச்சிதமான மூன்று வரி என்று எனக்கே பட்டது. பேனாவை மூடினேன்.

"ஏழாம் கேள்வி பத்தி ஒண்ணும் காணோமே?"

"அது... அவசியமா டாக்டர்?"

"நாளைக்கு இந்த ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு, முதல்ல எதனால தப்பாச்சுன்னு தெரிய வேண்டாமா?"

வாசலில் மைத்துனன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேனாவைத் திறந்தேன். 'இவர் ஈரல் சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே இல்லை என்று குறித்தேன். அவரோடு உட்கார்ந்து அந்த ஈரலைச் சாப்பிட்டவனும் நானே.' கொஞ்சம் யோசித்து, 'வாங்கியவனும்' என்று சேர்த்தேன். மேலே 'உறுதி' என்று எழுதியிருந்ததை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவர் படித்துவிட்டு மறுபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். சான்றிதழில் கையெழுத்து விழுந்தபோது மணி பதினொன்று இருபது.

மைத்துனன் காகிதத்தை வாங்கிக்கொண்டு இரண்டு அடி ஓடி, திரும்பி வந்தான். "அத்தான், விடுதியில முதல் சமையல் என்னன்னு கேக்கப்போறாங்க. என்ன சொல்லட்டும்?"

"எதை வேணா சொல்லு. கறிக்கடைக்காரர் வெட்டட்டுமான்னு கேட்டா, வெட்டுங்கன்னும் சொல்லு."

பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டான். ஹால் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

நகப்பூச்சு போட்டு மூடிய அந்தக் கண்ணாடித் துண்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. 'முதல் கண்டுபிடிப்பு' என்ற சீட்டை நான் கிழிக்கவில்லை. அதன் கீழே ரத்த பெஞ்சுக்காரியின் கையெழுத்தில் இன்னொரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'வெங்காயம், மிளகு சேர்த்தது.'